மாப்பிள்ளையின் மூச்சு

"எங்கடை பெடியனை மாடு வாங்கிற மாதிரிப் பல்லுப் பிடிச்சுப் பாக்கப்போறியளோ, மாமி?" என்று மார்க்கண்டு போட்ட சத்தம் ஒழுங்கைத் தெருவின் முடக்கு வரை கேட்டது.

"பல்லை ஆர் கேட்டது? நெஞ்சைத்தானே கேட்டனான்," என்றாள் அருமைநாயகி. அவளுடைய குரலும் குறைந்ததல்ல. "மாடெண்டாலும் உவ்வளவு இருமாது."

"புகையிலைக் குடிலுக்கை நிக்கிறவன் இருமாமல் பாட்டோ பாடுவான்?"

"பாட்டுப் பாடினால் நான் ஏன் கேக்கிறன்?"

கொக்குவிலில் அந்த வளவின் மதில் உயரமானதுதான். ஆனாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் சுளகோடு நின்ற அயல்வீட்டுக்காரருக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. விஷயம் இதுதான். அருமைநாயகியின் மகள் மீனாம்பிகைக்குச் சண்டிலிப்பாயிலிருந்து, புகையிலை பதம்போடும் குடிலில் வேலை செய்யும் நடராசா என்றொரு மாப்பிள்ளை பேசி, சாதகமும் பொருந்திவிட்டது. மார்க்கண்டு மாப்பிள்ளையின் தமையன். பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை இருமிய இருமல் அருமைநாயகியின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

அவள் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவள். பால்காரன் நேரத்துக்கு வந்தாலும் ஏன் வந்தான் என்று யோசிப்பாள். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. அவளுடைய தமக்கையின் மகள் இராசமலர் இப்படி இருமிய ஒருவனுக்குத்தான் கழுத்தை நீட்டினாள். சயரோகம் அவனைக் கொண்டுபோக, முதல் தீபாவளிக்கு முன்னமே தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இன்றைக்கும் பின்னறையை விட்டு வெளியே வருவதில்லை. மீனாம்பிகைக்கும் அப்படியொரு பின்னறையா?

மலாயாவிலிருந்து வந்து சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் டொக்டர் செபநாயகத்திடம் மூச்சை அளக்கும் யந்திரம் இருக்கிறதாம். மாப்பிள்ளை அதில் ஊதிக் காட்டினால்தான் மற்றக் கதை. இது அவள் போட்ட நிபந்தனை. கணவர் கதிரவேலு சத்தம் கூடியதும் மண்வெட்டியோடு தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். எந்தச் சண்டையென்றாலும் அவருக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம் வந்துவிடும்.

கடைசியில், அண்ணனோடு வந்து படலை வாசலடியில் நின்ற நடராசாவே வாயைத் திறந்தான். "நான் ஊதிக் காட்டுறன், அண்ணை. சண்டையை விடுங்கோ."

அவன் உடனே சம்மதித்ததுகூட அருமைநாயகிக்குப் பிடிக்கவில்லை.

ரயிலேறிப் போய்ப் பார்த்தால், யந்திரம் அப்படியொன்றும் பெரிதல்ல. தண்ணீர் நிரப்பிய தகரத் தொட்டி, அதற்குள் கவிழ்த்த பித்தளை உருளை, ஒரு ரப்பர்க் குழாய். ஊதுகிற காற்று உருளையை மேலே தூக்கும். எத்தனை கன அங்குலம் என்று பக்கத்தில் உள்ள அளவுகோல் சொல்லும்.

"நெஞ்சு முட்ட இழுத்துப்போட்டு, உள்ளுக்குக் கிடக்கிறது முழுக்க ஊதவேணும், தம்பி," என்றார் டொக்டர்.

நடராசா ஊதினான். உருளை சோம்பல் முறித்து எழும்பி நூற்றுப்பத்தில் நின்றது. அவனுடைய உயரத்துக்கு இருநூறு தாண்டவேண்டும் என்றார் டொக்டர்.

"கண்டியளோ," என்றாள் அருமைநாயகி. மார்க்கண்டுவின் முகம் கறுத்தது.

இன்னொரு தரம் ஊதச் சொன்னார். நூற்றறுபது. மூன்றாம் தரம் தொண்ணூறு. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழுதான நெஞ்செண்டால் அளவு குறையும். ஆனால் மூண்டு தரமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். உது சந்தை விலை மாதிரி ஏறி இறங்குது. உவர் ஒழுங்கா ஊதேல்லை."

ஒழுங்காக ஊதாதவன் ஏன் ஊதாமல் விடுகிறான்? அருமைநாயகியின் சந்தேகம் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது. நாலாம் தரம் அவன் ஊதும்போது கிட்டப் போய் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள்.

"டொக்டர், மீசை ஆடுறதைப் பாருங்கோ. காத்து உள்ளுக்குப் போகேல்லை, பக்கத்தாலை போகுது. சண்டிலிப்பாயிலை ஆரோ ஒருத்தி இருக்கிறாள். என்ரை பிள்ளையைக் கழிக்கத்தான் உவர் சயவருத்தக்காரன் வேஷம் போடுறார்."

"கொஞ்சம் முந்தி சயம் எண்டியள், இப்ப பொம்பிளை எண்டுறியள்," என்றான் மார்க்கண்டு. "ரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ, மாமி."

டொக்டரும் குனிந்து பார்த்தார். குழாயை உதட்டில் முட்டாமல் பிடித்திருந்தான் மாப்பிள்ளை. இடையில் ஒரு நெல்மணி போகலாம்.

"ஏன் தம்பி?"

நடராசா நிலத்தைப் பார்த்தான். "எத்தினை பேரின்ரை எச்சில் பட்ட குழாய், ஐயா."

"சுடுதண்ணியிலை அவிச்சது."

"அவிச்சாலும் எச்சில்தானே."

டொக்டர் வேதக்காரர், எச்சில் தீட்டுப் பார்க்காத கிறிஸ்தவர். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு வளவுக்குள் போய், குழல் போன்ற பப்பாசி இலைக்காம்பு ஒன்றை வெட்டிக் கழுவி, ரப்பர்க் குழாயில் செருகிக் கொடுத்தார். நடராசா உதட்டை இறுக்கி ஊத, உருளை விறுவிறுவென்று எழும்பியது. இருநூற்றுப்பதினைந்து. மறுபடியும் ஊதினான், இருநூற்றுப்பத்து.

"உது காத்தை அளக்கும், சயத்தை அளக்காது," என்றார் டொக்டர், நெஞ்சிலும் முதுகிலும் குழல் வைத்துக் கேட்டபிறகு. "ஆனால் நெஞ்சிலை கூடாத சத்தம் ஒண்டும் இல்லை, காய்ச்சலும் மெலிவும் இல்லை. சளியையும் பாத்துச் சொல்லியனுப்பிறன். புகையிலைத் தூசியாத்தான் இருக்கும். அந்தக் குடிலை விட்டால் இருமலும் விடும்."

மார்க்கண்டு தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மாமியைத் தனியே விட்டுவிட்டு நடந்தான்.

வீட்டுக்கு வந்த அருமைநாயகி மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "டொக்டர் சொல்லுறது சரியாயிருந்தாலும், அங்கை ஒருத்தி இருக்கிறாளோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

மீனாம்பிகை அரிவாள்மணையில் வைத்த கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தாள். "மற்றவை வாய் வைச்ச குழாயிலை வாய் வைக்காதவர் கள்ளுத் தவறணைக் கிளாசிலையோ வாய் வைக்கப்போறார்? வேறை எங்கை வைப்பார், அம்மா?"

"பெட்டையின்ரை வாயைப் பார்," என்று அருமைநாயகி அதட்டினாள். ஆனால் அந்தக் கணக்கு அவளுக்கு யந்திரத்தின் கணக்கை விடப் பிடித்திருந்தது. சளியிலும் ஒன்றும் இல்லை என்று சுன்னாகத்திலிருந்து சொல் வந்த அன்றே, சம்மதம் சொல்ல ஒரு வாழைக்குலையோடு கதிரவேலுவைச் சண்டிலிப்பாய்க்கு அனுப்பினாள். மனிசனுக்கு அன்று வெங்காயம் ஞாபகம் வர அவள் விடவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மார்க்கண்டு வந்தான், மாமியோடு மட்டும் கதைக்கவில்லை. நடராசா புகையிலையை விட்டு, மீனாம்பிகையைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வயல் செய்யப் போனான். டொக்டர் செபநாயகம் அடுத்த வருஷமே யந்திரத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு மலாயாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.