கடைசிப் பத்தியை முதலில் படிப்பவருக்கு ஒரு ராஜ்தூத்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியவர் என் அக்கா கிறிஸ்டியின் கணவர் தேவானந்தம். போன மாதம் செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் சீட் கழற்றிய பழைய ராஜ்தூத் பைக் நின்றது. பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு மாமா உட்கார்ந்திருந்தார்.

"ஜெனி, நீ கதை எழுதுறல்ல? இதை எழுதேன்."

"எதை மாமா?"

"சிட்டி படிக்கிற மாதிரி ஒண்ணு."

சிட்டி என்றால் சிட்டிபாபு. மாமாவின் நாற்பது வருட நண்பர், பெருங்களத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்த வாரப் பத்திரிகை வந்தாலும் கதையைத்தான் புரட்டுவார். அதிலும் கடைசிப் பத்தியை முதலில் படிப்பார். முடிவு பிடித்தால்தான் தொடக்கத்துக்கு வருவார். எழுதுகிறவளின் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

(பெயர்களை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார்.)

2

முதல் தொடக்கம்:

'1993. மேடவாக்கம் தாண்டி, கோடையில் வறண்டு கிடந்த ஏரி. மண் ரேஸுக்கு வந்த வண்டிகள் எல்லாம் விளக்கெண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடின. அந்தப் புகை வாசனை சட்டையில் இரண்டு நாள் இருக்கும்...'

நன்றாகத்தான் வந்தது. மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்த வாசனை இப்ப எங்கயும் வர்றதில்ல ஜெனி" என்றார். அந்த ஏரியில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அன்றைய ரேஸில் சிட்டிபாபு விழுந்த மேட்டில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. எனக்கும் மனசு கனத்துப்போனது. நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

'ட்ரையல்ஸ் என்பது வேகப் போட்டி அல்ல. பாறை, பள்ளம், மரவேர் என்று எதன் மேலும் ஆமை வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை ஓட்ட வேண்டும். ஊன்றினால் ஊன்றிய தடவைக்கு ஒரு புள்ளி போச்சு. உட்காரும் வேலையே இல்லை, நின்றபடிதான்...'

கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த ரேஸில் விழுந்ததிலிருந்து சிட்டிபாபுவின் இடது முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். அதனால் முப்பது வருடமாக அவர் எந்த பைக்கிலும் உட்கார்ந்ததில்லை. பழைய வண்டிகளை ட்ரையல்ஸுக்கு மாற்றி ஞாயிறுதோறும் செம்பாக்கம் ஏரிக்கரையில் ஓட்டுகிற ஒரு கூட்டத்தைப் பற்றி மாமா சொன்னபோது, அவர் கடையே அதிரக் கத்தினாராம்.

"இன்னா மச்சான் சொல்ற? நின்னுகினே ஓட்றதா? உக்காரவே வாணாமா? அப்ப எனக்கு ஆவும்! நம்ம ரேஸ் வண்டி உன் வூட்ல சும்மாதான கீது, மாத்திக் குடு!"

3

இனி கதை.

தேவானந்தம் லீவு போட்டு வேலையை ஆரம்பித்தார். சீட்டைக் கழற்றினார். வண்டி ஒரே கியரில் மெல்ல ஊரவேண்டும் என்று பின்னால் செயின் ஓடும் பல்சக்கரத்தை, ஸ்ப்ராக்கெட்டை, பெரிதாகப் போட்டார். டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே குறைத்தார். கடைசியாக ஃபுட்ரெஸ்ட், கால் வைக்கும் கம்பி. நின்று ஓட்டுகிறவனுக்கு அதுதான் தரை. அதைக் கொஞ்சம் பின்னாலும் கீழேயும் தள்ள வேண்டும்.

வலது பக்கம் சுலபமாக முடிந்தது. இடது பக்கம் அந்த ரேஸ் அன்றைக்கு உடைந்த மிச்சம் மட்டும்தான் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரைண்டரை வைத்ததும் வெல்டிங் கட்டி முழுசாகப் பெயர்ந்து கையில் விழுந்தது, ஆறிய தோசை கல்லை விட்டு வருவதுபோல. அடியில் கரிந்த பெயின்ட். ஓரத்தில் நீலம், நீலமாகவே இருந்தது.

இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை.

அந்த வெல்டிங்கை வைத்தவர் தேவானந்தம்தான். ரேஸ் அன்று காலையில், பேர் கூப்பிட அரை மணி நேரம் இருக்கும்போது வைத்தது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும். நேரமில்லை என்று அப்படியே வைத்துவிட்டா—

(இந்த வாக்கியத்தை முடிக்க விடாமல் மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.)

மூன்றாவது சுற்றில், மேட்டில் ஏறி இறங்கும்போது, சிட்டிபாபுவின் இடது காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. விழுந்ததில்தான் ஃபுட்ரெஸ்ட் உடைந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு அடுத்த மாதம் சேர வேண்டியவர், அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதைதான் சொல்கிறார்.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்ல சார். தேவா செஞ்ச வண்டி, குதிர மாதிரி. நான்தான் மேட்டுல அவசரப்பட்டு முறுக்கிட்டேன்."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தேவானந்தம் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவள் தன் பாத்திரத்தைச் சந்தேகப்படக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

"மாமா, நிஜமாவே இப்பதான் உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான பார்த்தேன்."

"பார்த்ததைக் கேட்கல. அந்த வண்டியை முப்பது வருஷமா ஏன் விக்கல? அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பா! ஒரு மெக்கானிக்கைக்கூட ஏன் தொட விடல?"

அவர் பளபளவென்று இருந்த டேங்க்கை மறுபடி துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே பாவமாகவும் இருந்தது.

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லிவிட மூன்று தடவை பெருங்களத்தூர் போனார். மூன்று தடவையும் கடை வாசலில் வாய் வராமல், ஆதார் அட்டையை நாலு காப்பி எடுத்துக்கொண்டு திரும்பினார். அக்கா வீட்டில் இப்போது பன்னிரண்டு ஆதார் காப்பிகள் கிடக்கின்றன.

5

முடிவுகள்:

அ) தேவானந்தம் சொல்கிறார். சிட்டிபாபு ஓங்கி ஓர் அறை விடுகிறார், பிறகு கட்டிப் பிடிக்கி... (சினிமா. அடித்துவிட்டேன்.)

ஆ) சொல்லவே இல்லை. சிட்டிபாபு சந்தோஷமாக ஓட்டுகிறார். (அக்கா கேட்டுவிட்டு, "அப்ப அந்த மனுஷன் சாகறவரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டு இருக்கணுமா?" என்றாள். இதையும் அடித்துவிட்டேன்.)

இ) மாமா கேட்டது: "அவன் சிரிச்சிட்டு, விடு மச்சான்னு சொன்னான்னு போடேன்."

"அது அவர் சொல்ல வேண்டியது மாமா. நான் எப்படிப் போட முடியும்?"

மாமா பிறகு, "அப்ப நடந்ததை மட்டும் எழுது. ஞாயித்துக்கிழமை நான் ஏரிக்கரையில நிக்கிறேன்" என்றார்.

6

சிட்டி அண்ணா, வழக்கம்போல இங்கேதான் முதலில் வந்திருப்பீர்கள். வண்டி தயார். இடது ஃபுட்ரெஸ்ட்டை மாமா இந்தத் தடவை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டுத்தான் வெல்டிங் வைத்தார். 'இந்தத் தடவை' என்று ஏன் சொல்கிறேன் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் படிக்காமல் வந்துவிடாதீர்கள். மேட்டில் நீங்கள் அவசரப்படவில்லை அண்ணா. இந்த இதழ் வருகிற வாரம், ஞாயிறு காலை ஏழு மணிக்கு, செம்பாக்கம் ஏரிக்கரையில் மாமா வண்டியோடு நிற்பார். நீங்கள் வந்து ஏறி நிற்பீர்களா, வந்து திட்டுவீர்களா, வராமலே இருந்துவிடுவீர்களா, எனக்குத் தெரியாது. அதனால் இதற்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை.