பதினோரு அமெரிக்க மாப்பிள்ளைகள்

கொச்சி மட்டாஞ்சேரி செரளாயில் நீலகண்டன் வீட்டுக்கு ஒரு கை உப்பு வாங்கிவர யாரும் துணிவதில்லை. தப்பித்தவறிப் போனால், பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியை இறக்கி, அதற்குள் நீந்துகிற அரை அங்குலப் பூச்சியைக் காட்டி, வந்தவர் 'இனி உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன்' என்று கையெடுத்துக் கும்பிடும்வரை பேசுவார். இத்தனைக்கும் மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு மீன் முள்ளைக்கூட நாக்கில் வைத்ததில்லை. படகு ஜெட்டியில் மீன்கூடை எதிரே வந்தால் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு படகேறி, அக்கரையில் எறணாகுளத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக இறாலின் கால்களை எண்ணிச் சம்பளம் வாங்குகிறார்.

ஜாடிக்குள் இருந்தது உப்புநீர் இறால். தூத்துக்குடி உப்பளத்துப் பிறவி. வேறு எந்த ஜீவன் விழுந்தாலும் அரை மணியில் கருவாடாகிவிடும் தண்ணீரில் அது மல்லாந்து படுத்து, பதினோரு ஜோடிக் கால்களையும் ஆட்டிக்கொண்டு உல்லாசமாக நீந்தும்.

1984இல் அதற்கு ஒரு கண்டம் வந்தது. இறால் வளர்ப்புக்காரர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாக அமெரிக்க உப்பு ஏரியிலிருந்து இதன் ஒன்றுவிட்ட சகோதரங்களின் முட்டையை டின் டின்னாக வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ரவை மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் மறுநாள் உயிர் வந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்து மேலதிகாரி டாக்டர் வாஞ்சிநாதன், திருநெல்வேலிக்காரர், ஒரு மகா யோசனை செய்தார். இந்த டின்களைத் தூத்துக்குடி அளங்களிலே கொட்டிவிட்டால், அடுத்த வருஷம் நாமே டின் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பலாம்!

"சார், அங்கே ஏற்கெனவே நம்ம இனம் ஒண்ணு இருக்காக்கும்," என்றார் நீலகண்டன். "அதுல ஆணே கிடையாது. அம்மா பொண்ணைப் பெறுவா, பொண்ணு பேத்தியைப் பெறுவா. அமெரிக்காக்காரன் வந்தா தீனியெல்லாம் தின்னு தீர்த்து, ரெண்டே வருஷத்துல இவாளை இல்லாம ஆக்கிடுவான்."

"ஆம்பளையே இல்லாத குடும்பமா? கதை விடாதீரும் ஓய்."

"சத்தியமா சார்."

"சரி. ஐப்பசி முதல் புதன்கிழமை உம்ம வீட்டுக்கு வந்து பாக்கேன். ஒரே ஒரு மீசைக்காரன் தட்டுப்பட்டான்னாலும் மறுநாளே டின்னை உடைச்சு அளத்துல கொட்டிருவேன்."

மீசை என்றது, ஆண் இறாலுக்கு முகத்தில் இருக்கும் இரண்டு பெரிய கொடுக்குகளை. அதன் முன்னால் போலீஸ்காரர் மீசை கெட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் தும்மினால்கூட அமெரிக்க முட்டை பறக்கும் என்றுதான் நீலகண்டன் தன் ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கச் சரக்கு ஒரு பாட்டில் வாசல் ஜன்னலில். நம்மூர் ஜாடி சமையலறைப் பரணில். நடுவில் மூன்று அறை, இரண்டு கதவு. சுங்கச்சாவடி ஒன்றுதான் குறை. இந்த ஏற்பாட்டை மனைவி கமலாக்ஷியிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னும் சாம்பிள் எடுக்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தால் மழை, சர்க்கார் ஜீப்புக்கு டயர் இல்லை, அளத்து மேஸ்திரிக்கு மஞ்சள் காமாலை. ஐம்பது நாள் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து சமையலறையை எட்டிப்பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாடிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பதினோரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் சரடு. சரட்டில் ஒரு சீட்டு.

"கமலம், இது என்னடீ?"

"ஏன்னா, ரெண்டு வருஷமா அத்தனை பொண்ணையும் ஒரே ஜாடியில அடைச்சு வெச்சிருக்கேளே, உங்களுக்கு மனசு கேக்கறதா? அந்தாண்டை ஜன்னல்ல மீசை வெச்சிண்டு பசங்க வெறுமனே சுத்திண்டிருக்கா. ஆவணியில நல்ல முகூர்த்தம் பார்த்தேன். முடிச்சுட்டேன்."

கமலாக்ஷியின் கைராசி அப்படி. கொச்சி முதல் பாலக்காடுவரை அவள் பார்த்துவைத்த கல்யாணம் எழுபத்தேழு. ஜாதகத்தைக் கையில் வாங்கினாளானால் காசிக்குச் சந்நியாசம் வாங்கப் போனவனும் அடுத்த ரயிலில் திரும்பி வந்து பந்தலில் உட்காருவான்.

"என் தலையில மண்ணை வாரிப் போட்டியேடீ! நாளைக்கு வாஞ்சிநாதன் வராண்டீ!"

"வரட்டுமே. நாலு பேர் வந்து ஆசீர்வாதம் பண்ணாம என்ன கல்யாணம்?"

விடிந்ததும் பதினோரு பாட்டிலையும் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்துவிடலாமா என்று நீலகண்டன் கையில் எடுத்தார். அதற்குள் முதல் படகைப் பிடித்து வாஞ்சிநாதன் வந்து நின்றார். கையில் சொந்த லென்ஸ். முதல் பாட்டிலைப் பார்த்தவர் முகம் பட்டாசுத் திரி மாதிரி சிவந்தது.

"மீசை! ஓய், இது மீசை இல்லாம என்னவாம்? கம்பளிப்பூச்சியா?"

"அது அமெரிக்கா சார். என் ஆத்துக்காரி எடுத்து விட்டுட்டா."

"நல்லாயிருக்குவே. அப்போ உம்ம ஜாடியில இருக்கிறது எது அமெரிக்கா, எது தூத்துக்குடின்னு யாருக்குத் தெரியும்? நான் இன்னைக்கே ஆர்டர் போடுதேன்."

நீலகண்டனுக்குக் கண் முன்னால் அளம் முழுக்க டின் டின்னாகக் கொட்டுவது தெரிந்தது.

"யாருக்குத் தெரியுமா?" என்று கையில் சாயாவோடு வந்தாள் கமலாக்ஷி. "ஏன், எனக்குத் தெரியாதோ? ஒரு பாட்டிலுக்கு ஒரு ஜோடி. கல்யாணம் ஆனவாளைக் கூட்டத்துல விடலாமோ, தனிக்குடித்தனம் வெச்சேன். சீட்டைப் பாருங்கோ. ஆவணி, அனுஷம், துலா லக்னம், ஒன்பதே முக்கால். பொண்ணு ஜாடியிலேர்ந்து, பையன் ஜன்னல்லேர்ந்து. வடிகட்டற துணிகூடத் தனித்தனி. சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தை நம்ம பாத்திரத்தோட கலப்பேனோ? மிச்சப் பொண்ணுகளை ஜாடியிலேயே விட்டேன். ஏழைக் குடும்பம், அடுத்த முகூர்த்தத்துல பார்த்துக்கலாம்னு."

வாஞ்சிநாதன் சாயாவை வாங்கினார். குடிக்கவில்லை. சீட்டை ஒரு தரம், பாட்டிலை ஒரு தரம், கமலாக்ஷியை ஒரு தரம் பார்த்தார்.

"தனித்தனி ஜோடி," என்றார் மெதுவாக. "தேதி, நேரம். சேர்க்காம விட்டதும் பக்கத்துலயே இருக்கு. நம்ம ஆராய்ச்சிக்கூடத்துல எட்டு டாக்டர் இருக்கான், ஒருத்தனுக்கும் இப்படி வைக்கத் தெரியலையே." பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஓய், பிள்ளைகளை எண்ணும். ஆம்பளைக்கு இங்கே வேலை இருக்குமானால், பாதிக்குப் பாதி ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்கணும்."

எண்ணினார்கள். காலைப் படகு, மதியப் படகு எல்லாம் போயிற்று. தெருவே ஜன்னலில் தொங்கியது. வாஞ்சிநாதனுக்கு ஒரு கண் லென்ஸிலேயே ஒட்டிக்கொண்டு விட்டதென்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கணக்கு முடிந்தது. வளர்ந்து நின்ற பிள்ளைகள் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. அத்தனையும் பெண். மீசை என்று பார்த்தால் மாப்பிள்ளைகள் பதினோரு பேர்தான். அவர்கள் ஒன்றரை மாதமாக மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நீந்தியதைத் தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை.

"தனி இனம்தான் ஓய்," என்றார் வாஞ்சிநாதன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து. "கட்டிவெச்சாலும் கண்டுக்க மாட்டேங்குது. டின்னை உடைக்கண்டாம். எழுதி அனுப்பிருவோம்."

நீலகண்டன் சின்னப் பையன் மாதிரி மூக்கைச் சிந்தினார். கமலாக்ஷிதான் இடிந்துபோய்விட்டாள். எழுபத்தேழு கல்யாணத்தில் இப்படி ஒரு பொண்ணு கை நழுவியதில்லை. இப்போது ஒரே நாளில் பதினொன்று! "பொண்ணுகள் மேல குத்தமில்லை," என்றாள். "பையனைப் பத்தி ஊர்ல விசாரிச்சிருக்கணும்."

அறிக்கை டைப் ஆனது. சீட்டில் இருந்ததையெல்லாம் டைப்பிஸ்ட் அப்படியே அட்டவணையாக்கினான்: ஜோடி எண், தேதி, நேரம், நட்சத்திரம், லக்னம். வாஞ்சிநாதன் பார்த்தார், ஒரு வரியையும் அடித்துவிடவில்லை.

நான்கு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தூத்துக்குடி அளங்களில் அமெரிக்க முட்டை விடக்கூடாது. உள்ளூர் இனத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும். நீலகண்டன் அந்த வரியை ஜெட்டியிலிருந்து வீடுவரை வழியில் எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் படித்துக்காட்டினார். மிளகு கிடங்குச் சுமைகாரர்கள் மூட்டையோடு நின்று கேட்டார்கள்.

கமலாக்ஷி கடுதாசைப் பிடுங்கி, அடியில் இருந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். சோதனை முழுவதும் அனுஷத்திலேயே நடந்திருக்கிறது. வேறு நட்சத்திரங்களிலும் நடத்திப் பார்த்து ஆறு மாதத்துக்குள் விவரம் அனுப்பவும்.

"பஞ்சாங்கத்தை எடுங்கோ," என்றாள்.