நிழலுக்குப் போட்ட முழுப்பேர்

நாகலூர் முனியப்பன் ஏற்காட்டு மலையில் இருந்தார்; அவருடைய நிழல் இலங்கையில் தேயிலைச் செடிகளுக்குக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் ஏற்பாடு. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி நாள் மஞ்சு மூடிக் கிடக்கிற ஊரில் யாருக்குத்தான் ஒழுங்காக நிழல் விழுகிறது? எஸ்டேட் ரைட்டர் ஒரு கோடையில் கவனித்துவிட்டு, வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மஞ்சக்குட்டை ஊர்க்காரர்கள் அவருக்குப் பெண் கொடுக்கும்போது ஒரு வாரம் யோசித்தார்கள். குடிக்காத மாப்பிள்ளைக்கு நிழல் ஒரு கேடா என்று கொடுத்தும் விட்டார்கள். வாக்கப்பட்டு வந்த அந்த அம்மாள் மகள் புஷ்பலதாவை வளர்த்து ஆளாக்கிவிட்டு, புருஷன் நிழலைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

போன தை மாதம் காப்பிப் பழம் பறித்து முடித்த கையோடு, முனியப்பனின் பாதம் தெளிய ஆரம்பித்தது. காலை வெயிலில் நீட்டினால் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரியும். மாசியில் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. சேலத்து டாக்டர் பிரஷரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டிப் பெருக்கி வயிறு கழுவுகிற புஷ்பலதாவுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அந்த ஒரு மனுஷன்தான். அழுது அடம்பிடித்துக் கேட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நெழலு வந்தாத்தான் இது நிக்கும் கண்ணு. கழுத்தத் தாண்டிருச்சுன்னா அப்புறம் எரிக்கறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது."

நடந்தது இதுதான். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் விடியும்போது களத்தில் எல்லாரையும் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவார்; அதற்குப் பெறட்டு என்று பேர். இருக்கேனுங்க என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் மலைக்குச் சொந்தம். அந்தியில் கங்காணி பேர் போட்டால்தான் கீழே இறங்கலாம். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். இந்தியாவுக்குக் கப்பலேறக் குடும்பத்தோடு கிளம்பிய காலையில், மூட்டையோடு அந்தக் களத்தைக் கடந்துகொண்டிருந்தார் முனியப்பன். மீசை முளைக்காத வயது. கங்காணி பழக்கதோஷத்தில் பேரைக் கூப்பிட, இவரும் பழக்கதோஷத்தில் இருக்கேனுங்க என்று சொல்லித் தொலைத்தார். ஆளை வீட்டார் கையைப் பிடித்துக் கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நிழலோ பேர் கொடுத்தது அல்லவா, அது வேலைக்குப் போய்விட்டது. அன்றைக்கு மத்தியானமே கங்காணியும் அடுத்த கப்பலுக்குக் கிளம்பிவிட்டதால் அந்தியில் பேர் போட ஆளில்லை.

நிழலைக் கூட்டிவரப் போக ஒரு ஆள் டிக்கெட்டுக்குத்தான் பணம் தேறியது. பக்கத்து வீட்டு ரூபியிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டு, சேலம் ஜங்ஷனைத் தாண்டிப் போயிராத புஷ்பலதா தன்னந்தனியாகக் கொழும்பில் போய் இறங்கி, மறுநாள் காலை மலை ரயிலில் ஏறினாள். அப்பா அதைக் கோச்சி என்பார். வெளியே தேயிலை ஏறி ஏறி மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஜன்னலில் தொங்கிப் போட்டோ எடுத்தார்கள். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நானுஓயா தாண்டும்போது ரூபியின் செய்தி வந்தது: இடுப்பு தாண்டிருச்சுக்கா, சட்டையைத் தூக்குனா பின்னால செவுரு தெரியுது.

ஹப்புத்தளையில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். இப்போது அங்கே கங்காணி ஒரு பொம்பளை, மாரியம்மாள். விஷயத்தைச் சொன்னதும், "நம்ம முனியப்பனோட மகளா!" என்று வாயெல்லாம் பல்லாகக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நிழலை அங்கே எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றும்போது அதற்கும் ஒரு கோப்பை வைப்பார்களாம். ஆறித்தான் போகும், ஆனால் வைக்காமல் இருந்ததில்லை.

சரிவில் அது குனிந்து வெட்டிக்கொண்டிருந்தது. ஒல்லியான பையனின் நிழல், கையில் கவ்வாத்துக் கத்தி. புஷ்பலதா செடிகளை விலக்கிக்கொண்டு கிட்டப் போனாள். அப்பா என்று கூப்பிட்டாள். அது திரும்பவே இல்லை.

மாரியம்மாள் தலையைச் சொறிந்தாள். "இது காலையில பெறட்டுல நான் கூப்பிட்ட பேர் இல்லம்மா. ரூல்படி பார்த்தா அரைப்பேர்தான் போட்டு எறக்கலாம்."

அரைப்பேர் என்ற சொல் காதில் விழுந்ததும் நிழல் ஒரு கணம் நின்றது. அப்புறம் முன்னைவிட வேகமாக வெட்ட ஆரம்பித்தது. அட, அதே ரோஷம்! புஷ்பலதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஏனுங்க, அரைப்பேருக்கு எங்கப்பா உசுரே போனாலும் வரமாட்டாருங்க. முழுசாப் போடுங்க. வெட்டுனது கொஞ்சமா, நஞ்சமா? கண்ணால பாருங்க."

மாரியம்மாள் மலையை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பக்கத்துச் செடியெல்லாம் ஒரே மட்டத்துக்கு நின்றது. சங்கு ஊதுகிற நேரம் வரைக்கும் இருவரும் அங்கேயே காத்திருந்தார்கள். ஊதியதும் அவள் இடுப்பில் கைவைத்து, மலை கேட்கும்படி சத்தம் போட்டாள்: "முனியப்பன், முழுப்பேர்!" நிழல் நிமிர்ந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, புஷ்பலதாவின் நிழலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"வெளிச்சம் இருக்கற வரைக்கும் கூட வரும். ரயில் போற குகையில பத்திரம். இருட்டுல நழுவிருச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண ஏலாது" என்று மாரியம்மாள் எச்சரித்து அனுப்பினாள்.

அந்த ராத்திரி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் ரயிலேறினாள். டிக்கெட் பரிசோதகர் அவள் காலடியில் இரண்டு நிழலைப் பார்த்தார். ஒரு டிக்கெட்டைப் பார்த்தார். நிழல் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் வருகிறது என்று தெரிந்ததும் போய்விட்டார். அந்தப் பெட்டியில் விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு சுரங்கத்திலும் புஷ்பலதா போன் டார்ச்சைப் போட்டு நிழல்மேல் அடித்தாள். அந்தப் பாதையில் சுரங்கத்துக்கு என்ன பஞ்சமா? தலவாக்கலை வரும்போது போன் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. அதே சமயம் ரூபியின் செய்தி: நெஞ்சுகிட்ட வந்துருச்சுக்கா, பேச்சு சன்னமாக் கேக்குது, சீக்கிரம் வாக்கா.

சிங்கமலைச் சுரங்கம் நீளமானது. ரயில் உள்ளே போனது. பாதியில் நின்றது. டார்ச்சும் அணைந்தது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. தன் கை தனக்குத் தெரியவில்லை. "அப்பா, அப்பா" என்று பதறினாள். பதில் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அந்த நிழல் இன்னும் யாருக்கும் அப்பா ஆகவில்லை. அதற்குத் தெரிந்தது பேர் ஒன்றுதான். பெற்றவனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழும்புமா? உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் மாரியம்மாளைப் போலவே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"முனியப்பன்!"

"இருக்கேனுங்க" என்றது இருட்டு. உடைந்தும் உடையாத இளங்குரல்.

அவள் விடவில்லை. ரயில் மறுபடி நகர்ந்து வெளிச்சத்துக்கு வரும் வரைக்கும் முனியப்பன், முனியப்பன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பேர் கூப்பிட்டால் சும்மா இருக்கத் தெரியாத அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது. பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள அம்மா பையிலிருந்து வாழைப்பழம் இரண்டு எடுத்து நீட்டினார், ஆளுக்கு ஒன்று.

ராத்திரியை விளக்கடியில் கழித்து, கடல் தாண்டி, மலைப்பாதை வளைவெல்லாம் ஏறி நாகலூர் வந்து சேர்ந்தபோது மஞ்சு வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. கட்டிலில் தலையும் கழுத்தும் மட்டும்தான் தெரிந்தது. ரூபி ஓடிப்போய்ப் பெரிய பல்பைப் போட்டாள். நிழல் தரையில் தயங்கி நின்று, கட்டில்மேல் ஏறி, கிழவரின் அடியில் போய்ப் படுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக மார்பு வந்தது, சட்டை நிறைந்தது, கடைசியில் பாதம் வந்தது. முனியப்பன் கண்ணைத் திறந்தார். மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"முழுப்பேரா, அரைப்பேரா?" என்றார்.

"முழுப்பேருங்கப்பா."

முனியப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அழுது புஷ்பலதா பார்த்ததில்லை.

இப்போது அவர் தடி ஊன்றி நடக்கிறார். நிழல் நிமிர்ந்து, கத்தியும் கையுமாக ஓரடி முன்னால் போகிறது. காலையில் லாட்ஜுக்குக் கிளம்புமுன் புஷ்பலதா வாசலில் நின்று ஒரே ஒரு தடவை அப்பாவின் பேரைக் கூப்பிடுவாள். உள்ளேயிருந்து இரண்டு குரல் இருக்கேனுங்க என்று சொல்லும், ஒன்று கிழம், ஒன்று இளசு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரூபி பிள்ளைகளை எழுப்பி ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளப்புகிறாள்.