இருபத்தைந்தாவது ஆள்

மொச்சைக்கொட்டை தீர்ந்துவிட்டது. ஆள் தீரவில்லை.

குகையைச் சுற்றிக்காட்டும் தாரிங்கா இடது பாக்கெட்டை மறுபடி துழாவினாள். வெறும் துணி. குகைக்குள் நுழையும்போது தலைக்கு ஒன்றாக இருபத்து நான்கு கொட்டை போட்டிருந்தாள். வெளியேறுமுன் கடைசி மேடையில் எல்லோரையும் நிறுத்தி, தலைக்கு ஒன்றாக வலது பாக்கெட்டுக்கு மாற்றுவாள். அத்தனையும் மாற்றியாகிவிட்டது. இன்னும் ஒரு தலை மிச்சம்.

"என்ன தாரிங்கா, இன்னைக்கு யாரைத் தொலைச்சே?" இரும்புக் கதவுக்கு வெளியிலிருந்து மேலாளர் லுட்விக் கேட்டான்.

"யாரும் தொலையல. ஒருத்தர் கூடுதலா இருக்கு."

லுட்விக் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. வெளிச்சம் பட்டால் பாறையில் பாசி படரும். அதனால் கூட்டம் கடந்ததும் பின்னாலிருக்கும் விளக்குகளை அணைத்துவிடுவது இங்கே வழக்கம். போன மாதம் அப்படி அணைத்தபோது, பின்தங்கிய பல் டாக்டர் ஒருவர் நாற்பது நிமிஷம் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தார். தாரிங்காவின் எண்ணிக்கைப் பிழை. இன்னொரு தடவை பிசகினால் குகையை மறந்துவிட்டு போஸ்ட்கார்டு கடையில் உட்கார வேண்டும் என்று லுட்விக் சொல்லிவிட்டான். பதினோரு வருஷமாக இந்த நானூறு படிகளில் ஏறி இறங்கிய கால்கள் அவளுடையவை. அன்றிலிருந்துதான் வீட்டுச் சூப்புக்கு வைத்திருந்த கொட்டை பாக்கெட்டுக்கு வந்தது.

"வித்த டிக்கெட் இருபத்து நாலு. குகைக்கு வாசல் ஒண்ணே ஒண்ணு. இருபத்தஞ்சாவது ஆள் பாறையில முளைச்சானா? கதவைத் திற. நாளையிலேர்ந்து போஸ்ட்கார்டு!"

சாவி அவள் இடுப்பில் தொங்கியது. அவள் தொடவில்லை.

"ரெண்டே நிமிஷம். யாரும் நகராதீங்க."

குகைக்குள் தண்ணீர் சொட்டும் ஈரக்கூடத்தில் மாட்டியிருக்கும், தொப்பி வைத்த நீல மழைக்கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நின்றார்கள். முகங்களைப் பார்த்துப் பயனில்லை. டார்ச்சைத் தாழ்த்திக் காலணிகள்மேல் அடித்தாள். சாம்பல் சேறு. சாம்பல். சாம்பல். குகைக்குள் வேறு நிறச் சேறே கிடையாது.

கடைசி ஜோடியில் வெளிச்சம் நின்றது.

செக்கச்செவேல் என்று மண். மேலே, திராட்சைத் தோட்டத்து மண்.

"தொப்பியை எடுங்க."

தொப்பி தயங்கித் தயங்கி விலகியது. முழங்கை சிராய்த்து, மீசையில் சிலந்திவலையோடு நின்றார் யோஷ்கோ. குகைக்கு நேர் மேலே தோட்டம் வைத்திருப்பவர். மேலிருந்து குகைக்குள் இறங்கும் ஓட்டை தேடி வந்த ஆராய்ச்சிக்காரர்களை மண்வெட்டியோடு விரட்டியவர். 'என் நிலத்துல ஓட்டையே கிடையாது' என்று சாராயக்கடையில் வருஷக்கணக்காகச் சத்தியம் செய்து வந்தவர்.

"யோஷ்கோ மாமா!"

"கத்தாதே பொண்ணே, ஊருக்கே கேக்கும். நாய் முயலைத் துரத்துச்சு. நான் நாயைத் துரத்துனேன். புதருக்குள்ள ஒரு பள்ளம். நாய் மேலயே நின்னுடுச்சு, நான் கீழ வந்துட்டேன்."

"அப்புறம்?"

"காத்து வந்த பக்கமா ஊர்ந்தேன். வெளிச்சம் தெரிஞ்சுது. மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு நைசா வெளிய போயிடலாம்னு பாத்தேன். உன் கொட்டை விட்டாத்தானே!"

"இதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு?" என்றான் லுட்விக்.

அப்போது குகையின் அடியாழத்திலிருந்து, மிக மெல்லிசாக, நாய் குரைக்கும் சத்தம் வந்தது. இருபத்தைந்து தலைகளும் திரும்பின.

குகையின் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு கூடம் இருக்கிறதென்று நம்பி ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது வருஷமாகத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"வர்ற வழியில என்ன பாத்தீங்க மாமா?"

யோஷ்கோ மீசையைத் துடைத்தார். பிறகு குரல் இறங்கியது. "லைட்டரைக் கொளுத்திப் பாத்தேன். சர்ச் மாதிரி இருந்துச்சு. பூரா வெள்ளைத் தூண். முடிவே தெரியல." சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "வேலி போட்டுத் தோட்டத்தைப் பிடுங்கிடுவாங்களே, அதான் இத்தனை நாளா..."

"வேலி பள்ளத்துக்குத்தான். உங்க கொடியில யாராவது கை வச்சா, நானும் மண்வெட்டியோட வந்து உங்க பக்கத்துல நிப்பேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா ஓட்டையை நானே தேடிக் கண்டுபிடிச்சேன்னு இருக்கணும். நாயைப் பத்திப் பேச்சே வரக்கூடாது."

தாரிங்கா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். லுட்விக் வழிவிட்டு ஒதுங்கி, தொண்டையைச் செருமினான்.

"அடுத்த கூட்டம் பதினோரு மணிக்கு. முப்பது பேர்."

"அப்ப போஸ்ட்கார்டு?"

"அதை நான் வித்துக்கறேன்."

"கொட்டை ஆறு குறையுதே."

லுட்விக் கேன்டீன் பக்கம் ஓடினான்.

"வேகாததாப் பாத்து எடுத்துட்டு வாங்க!" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.