இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இல்லை

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. உண்மையைச் சொன்னால் கட்டுரைகூட இல்லை, வெறும் பட்டியல். மின்சாரக் கார் பற்றிய ஏழு தவறான நம்பிக்கைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே மறுப்பு எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். “உங்க வீட்லதான் கரண்ட் கார் இருக்கே, உட்கார்ந்தா ஒரு மணி நேர வேலை” என்றார். உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. பட்டியலை முடித்துவிட்டேன். ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் செய்த வேலையைச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

கார் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. நடக்க முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். நான் அதில் பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அவர் அந்தக் காரையே வெறித்துப் பார்த்தபடி

(யார் அந்த அவர் என்றே சொல்லவில்லை, அதற்குள் மழை எதற்கு? விட்டுவிட்டேன்.)

பிறகு இப்படி:

மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றத் தேவையில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்கு

(இது பரீட்சைத் தாள். இதையும் விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் என் மாமனார். எங்களுடன் இருக்கிறார். ஒரு அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் புரூஃப் ரீடராக இருந்தவர். சட்டைப் பையில் இன்னும் சிவப்புப் பென்சில் உண்டு. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விட மாட்டார், திருத்தித்தான் குப்பையில் போடுவார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவருடைய இதயம் மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது. இடது தோளுக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். அதற்கு டாக்டர்கள் ஏதோ பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் பேட்டரி. “அப்பா, பேட்டரி செக்கப் எப்போ?” “பேட்டரி இருக்கிற பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்க.” இப்படி ஏழு வருடம் அந்தச் சொல் அவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. போன வருடம்தான் கார் வந்தது.

(ஒரே சொல்லுக்கு வீட்டில் இரண்டு சொந்தக்காரர்கள் வந்துவிட்டதை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.)

3.

மாமாவுக்கு ஒரே ஒரு அக்கா. இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மலை மேல் ஒரு ஊரில் இருக்கிறார். இருவரும் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. மாமாவை அங்கே காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கார் வாங்கியதே பாதி அதற்காகத்தான்.

“அப்பா, அடுத்த வாரம் அத்தையப் பார்க்கப் போறோம். காலைல கிளம்பினா மத்தியானம் போயிடலாம்.”

“தூரம்மா.”

“நடுவுல நிறுத்தி அரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாம்.”

“மலை ஏத்தம் வேற.”

“ஏறும்ப்பா!”

“மழைக்காலம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

தூரம் போகாது, ஏற்றம் ஏறாது, மழை ஆகாது. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் சொல்வதும் இதேதான். என் பட்டியலில் பாதி அவர் உபயம். ஆகவே, மாமாவும் காரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டினோம். அவளுக்கு முகம் தொங்கிப்போனது. “என் வண்டிய நம்பலன்னா என்னை நம்பலன்னுதானே அர்த்தம்?” என்றாள்.

நானோ உள்ளுக்குள் குஷியானேன். பட்டியலுக்கு நடுவில் ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டதே! ‘புதியதைக் கண்டு மிரளும் முதியவர்’ என்று குறித்தும் வைத்தேன்.

ஆனால் அந்தப் பாத்திரம் ஒட்டவில்லை. எழுபது வயதில் செல்போனில் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டு, அது தப்பாகத் திருத்தும்போதெல்லாம் அதனுடன் சண்டை போடுகிற மனுஷன் அவர். புதியதைக் கண்டு மிரள்வாரா? வேறு சிலவும் இடித்தன. மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மேகம் கறுத்தால் மாலை நடைக்குப் போவதில்லை. நண்பரிடம் இரவல் வாங்கி வருடக்கணக்கில் வைத்திருந்த அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுச் சாவிகள் ஒவ்வொன்றிலும் ‘பீரோ’, ‘பின்கதவு’, ‘மீட்டர் பெட்டி’ என்று குண்டு எழுத்தில் சீட்டு கட்டினார். யாருக்காக அந்தச் சீட்டு என்று நான் கேட்கவில்லை. நல்ல விவரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

4.

ஆசிரியர் மறுபடி போன் செய்த அன்று காலை, கட்டுரையின் இரண்டாம் பக்கத்தைத் தேடினேன். அது பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. மறுப்புகளை யோசிப்பதற்காக, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்று நானே மாட்டியது. அதே கதவில்தான் என் மனைவி டாக்டர் சொல்லும் குறிப்புகளை டைப் அடித்து அப்பாவுக்காக மாட்டி வைப்பாள். என் தாளை அதன் மேலேயே மாட்டியிருந்தேன்.

தாளில் இருந்தது இதுதான்:

4. பேட்டரி எட்டு வருடம் தான் வரும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.
5. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்கும்.
6. தூர பயணத்துக்கு லாயக்கில்லை.
7. மலை ஏற்றத்தில் பாதியில் நின்றுவிடும்.

ஆறாவது வரியில் ‘தூர’வுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு ‘ப்’ சேர்த்திருந்தது. நாலாவது வரியில் தனித்தனியாக நின்ற ‘வருடம்’, ‘தான்’ இரண்டையும் கீழே ஒரு வளைகோடு போட்டுச் சேர்த்திருந்தது.

தாளைப் பிடித்தபடி நின்றேன். பக்கம் முழுக்கத் தேடினேன், ‘கார்’ என்ற சொல்லே இல்லை. ‘தவறான நம்பிக்கைகள்’ என்பதும் இல்லை. இரண்டும் முதல் பக்கத்துத் தலைப்பில் இருந்தன. முதல் பக்கம் என் மேசையில் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் பேட்டரி வைத்துக்கொண்ட மனுஷர், தனக்கு இன்னும் ஒரு வருடம்தான் என்று படித்துவிட்டு, அதில் ஒற்றுப்பிழை திருத்தி, திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை எழுதியவன் நான். எனக்கு அழுகை வந்தது.

5.

என் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன். படித்தாள், சிவப்பைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

“அப்பா, இத யாரைப் பத்தின்னு நெனச்சீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஆஸ்பத்திரில குடுத்ததுதானே?”

“ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?”

“நீயே வாய் திறக்கலன்னா, சொல்ல முடியாம தவிக்கிறேன்னு அர்த்தம். அதுல நான் வேற கேக்கணுமா?” கொஞ்சம் நிறுத்தி, “ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் காணோமேன்னு பார்த்தேன். அதெல்லாம் இன்னும் மோசமா இருக்கும், ஒளிச்சு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், பேட்டரி இல்லாத பக்கம்.

“இது காருப்பா. உங்க மாப்பிள்ளையோட கட்டுரை. அதுவும் ஊர்ல பேசுற பொய்யோட லிஸ்டு.”

“டாக்டர் உனக்கு ஆறுதலா பேசுறார்னுல்ல நெனச்சேன், போன செக்கப்ல என் பேட்டரி இன்னும் அஞ்சு வருஷம் வரும்னு சொன்னப்போ.”

“நெஜமாத்தான் சொன்னார். தீர்ந்தாலும் பழசை எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. சின்ன ஆபரேஷன்.”

“அப்போ காருக்குத்தான் எட்டு வருஷமா? பாவம்.”

“அதுவும் பொய்தான் மாமா” என்றேன் வாசலில் நின்றபடி. “எட்டு வருஷம்கிறது கம்பெனி குடுக்குற உத்தரவாதம். அதுக்கப்புறமும் ஓடும். போற தூரம் கொஞ்சம் கொஞ்சமா குறையும், அவ்வளவுதான்.”

“எல்லாருக்கும் அப்படித்தானே” என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல தலைப்பு வெக்கணும். தாளுங்க பிரிஞ்சு போகும். முப்பத்தஞ்சு வருஷம் கத்தியிருக்கேன், வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு ஆளா!”

அரை மணி நேரம் திட்டினார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

6.

இப்போது முடிவு. முதலில் எழுதிய முடிவில், மலைப்பாதையின் நடுவில் சார்ஜ் தீர்ந்து கார் நின்றுவிடுகிறது, எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் மறுக்கத் தொடங்கிய பொய்யையே கதைக்காக மறுபடி விற்கக் கூடாது. இன்னொரு முடிவில் அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு

(அது நடக்கவில்லை. போனதும் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.)

நடந்தது இது. அடிவாரத்தில் மழை பிடித்தது. முன் சீட்டில் மாமா, திரையில் நாற்பத்தாறு சதவீதம், எதிரே ஏற்றம்.

“ஏறுமா?” என்றார்.

எந்தப் பேட்டரியைக் கேட்டார் என்று பின் சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவள் சாலையைப் பார்த்தபடியே, “ஏறும்ப்பா” என்றாள். வண்டி முனகாமல் ஏறியது.

இரண்டு நாள் கழித்துக் கீழே வரும்போது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரிவில் பிரேக் பிடிக்கப் பிடிக்க எண் கூடிக்கொண்டே வந்தது. “முப்பத்தொண்ணு... முப்பத்திரெண்டு... அடேயப்பா, எறங்கும்போது ஏறுதும்மா!” என்றார். பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரரிடம் அதை இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டார்.

இந்தக் கதைக்கு முதல் வாசகரும் அவரே. எழுதிய வரைக்கும் நேற்றுக் கொடுத்தேன், பிரிட்ஜிலிருந்த பழைய தாளையும் வைத்து. இன்று காலை திரும்பி வந்தது. கதையில் பதினோரு ஒற்றுப்பிழை. தாளின் உச்சியில் காலியாக இருந்த இடத்தில் பெரிதாக ‘கார்’ என்று எழுதியிருந்தார். நாலாவது வரியில் தான் சேர்த்து வைத்த ‘தான்’ஐ அடித்துவிட்டிருந்தார். முற்றுப்புள்ளிக்கு ஒரு வால் போட்டு, பிறகு வந்த வாக்கியத்தை மொத்தமாக நீக்கியிருந்தார்.

“அப்புறம் என்ன வரும் மாமா?” என்று கேட்டேன்.

“எனக்குத் திருத்தத்தான் தெரியும். மிச்சத்தப் படிக்கிறவங்க எழுதிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் படியேறினார்.

சொன்னபடி உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். வரி இப்போது இப்படி இருக்கிறது:

பேட்டரி எட்டு வருடம் வரும்,