தேங்காய்த் தண்ணீர் குடித்த லாரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை, மைசூரை விட்டு நஞ்சன்கூடு சாலையில் இறங்கிய கோழி லாரி ஒன்று, கரும்பு ஏற்றிய மாட்டு வண்டியோடு போட்டி போட்டுத் தோற்றது. மாட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். லாரியின் முகப்பில் அத்தனை சாமந்தி மாலை.

தொட்டையன் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்திருந்தான். முள் இருபதைத் தாண்டவில்லை. காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு இப்போது பீப் பீப் என்று கத்தவும் ஆரம்பித்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கனகாவின் காது பின்னால் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பிராய்லர் கோழிகள். லாரி ஓடினால் அவற்றுக்குக் காற்று, நின்றால் சூடு. சூடு ஏறினால் வாயைத் திறக்கும். திறந்த வாயை அப்புறம் மூடாது. இது போதாதென்று, கேரளாவுக்குப் போகும் காட்டு வழியை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள். இருபதில் உருண்டால் கேட்டும் போச்சு, கோழியும் போச்சு.

"அந்தக் காளிதாஸ் பட்டறைக்கு விடுங்க" என்றாள்.

காளிதாஸ் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த மெக்கானிக். கன்னடம் கலந்துதான் பேசுவான், யாராக இருந்தாலும் அவனுக்குக் 'குரு'தான். லாரியைச் சுற்றி வந்தான். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன டேங்கின் நீல மூடியைத் திறந்தான். புகையில் இருக்கும் நஞ்சை முறிக்க யூரியாத் தண்ணீர் ஊற்றுகிற டேங்க் அது. மோந்து பார்த்தான். இன்னொரு தரம் மோந்தான்.

"குரு, இதுல என்ன ஊத்தினீங்க?"

தொட்டையன் மனைவியைப் பார்த்தான். கனகா மாலையைப் பார்த்தாள்.

நேற்று லாரி ஸ்டாண்டில் பூஜை. உடைத்த தேங்காய்களின் தண்ணீர் ஒரு சொம்பு நிறையச் சேர்ந்துவிட்டது. சாமிக்கு உடைத்ததைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. வண்டிக்கு உடைத்ததை வண்டிதானே குடிக்க வேண்டும்? டீசல் மூடிக்குப் பூட்டு. நீல மூடிக்குப் பூட்டில்லை. "ஊத்து புள்ள" என்று தொட்டையன் சொன்னான். கனகா பக்தியோடு ஊற்றினாள்.

"தேங்காத் தண்ணிங்க" என்றாள்.

காளிதாஸ் சிரிக்கவில்லை. "அர்ச்சனையும் பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். "உள்ள ஒரு சென்சார் இருக்கு. யூரியா சரியில்லன்னா இஞ்சின் கழுத்தப் பிடிச்சுக்கும். அஷ்டே, அவ்வளவுதான்."

தொட்டையனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "நான் சொல்லல? பழைய வண்டில இந்தக் கருமம் இருந்துச்சா? ஓட்டறவன் நானு, இதுகிட்டப் பர்மிசன் கேட்டுப் போகோணுமா? புடுங்கி எறியப்பா!"

காளிதாஸ் மேசையிலிருந்து சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தான். "இதச் சொருகினா, எல்லாம் சரியா இருக்குன்னு இஞ்சின் நம்பிக்கும். பத்து நிமிஷம். ஆனா சட்டப்படி தப்பு. நான் சொல்லிட்டேன்."

"இன்னொரு வழி?" என்றாள் கனகா.

"டேங்க இறக்கி, பேட்டரித் தண்ணில அலசி, புது யூரியா ஊத்தணும். ஒரு மணி நேரம் ஆகும். அப்பவும் விளக்கு உடனே அணையாது. கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துத்தான் அதுக்கு நம்பிக்கை வரும். வராமயும் போகலாம்."

பின்னாலிருந்து வந்த சத்தம் குறைந்திருந்தது. கனகா இறங்கிப் போய்ப் பார்த்தாள். பாதிக் கோழிகள் வாயைத் திறந்திருந்தன.

"டப்பாவச் சொருகுப்பா" என்றான் தொட்டையன்.

"வண்டி ஆர்சி புக்கு யாரு பேர்லங்க?" என்றாள் கனகா.

"உன்ற பேர்ல. அதுக்கு?"

"புடிச்சா கோர்ட்ல என்ற பேரத்தான் கூப்புடுவாங்க. தேங்காத் தண்ணி யூரியா இல்லைன்னு நம்ம வீட்ல அந்த சென்சார் ஒண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அதப் போயிப் புடுங்கறேங்கறீங்க."

"புகையே கண்ணுக்குத் தெரியறதில்ல புள்ள!"

"தெனமும் மைசூர் டவுனுக்குள்ள அக்ரஹாரத்துக்கு ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறது நானுங்க. லாரிக்குப் பின்னாடி. எனக்குத் தெரியும். நீங்க அலசுங்க அண்ணா."

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று குழாயால் கோழிகள் மேல் தண்ணீர் அடித்தார்கள். டேங்க் திரும்ப ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. தொட்டையன் சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு எரிந்தது.

தொட்டையன் பட்டறையின் கூரையைப் பார்த்து நீளமாக ஒன்று சொன்னான். அதை எழுத முடியாது.

காளிதாஸ் டப்பாவைக் கனகாவிடம் நீட்டினான். "வெச்சிருங்கக்கா. ஆகலேன்னா வழியில நிறுத்திச் சொருகிக்கலாம். வேண்டாம்னா திரும்பக் குடுங்க."

லாரி கிளம்பியது. இருபது. நஞ்சன்கூட்டில் இருட்டிவிட்டது. அப்போதும் இருபதுதான். டப்பா கனகாவின் மடியில் இருந்தது. சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். அதன் மேல் கையும் இருந்தது.

பின்னால் அநேகமாகச் சத்தமே இல்லை.

"குடு" என்றான்.

"பேகூர் வரைக்கும் பாக்கலாமுங்க."

"பேகூர்ல எதப் பாக்கறது? பொணத்தையா? ஒரு லோடு கோழி செத்தா அப்பறம் எவன் நமக்கு லோடு குடுப்பான்? குடு புள்ள!"

அவளுக்கும் அதே கணக்குத்தான் ஓடியது. தலைப்பை விலக்கினாள். இதற்கு மேல் பிடிவாதம் பிடித்தால் அது கோழிகளின் உயிரைப் பணயம் வைத்துப் பிடிப்பதுதான்.

"நிறுத்துங்க, தர்றேன்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தொட்டையன் ஆரம்பித்துவிட்டான். வண்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்தவன், யூரியாவைக் கண்டுபிடித்தவன், இவனுக்கு லாரி விற்றவன், கடைசியில் பெண் கொடுத்த மாமனார் என்று ஒருவரையும் விடவில்லை. ஸ்டியரிங்கை அறைந்து அறைந்து பேசினான். "இது வண்டியே இல்ல புள்ள! நொண்டி! இத வெச்சு ஒரு மேடு ஏற முடியுமா?"

கனகாவின் முகத்தில் ஜன்னல் காற்று அறைந்தது. இவ்வளவு நேரம் காற்று இல்லை. பின்னால் ஒரு கோழி கத்தியது. அப்புறம் பத்து, அப்புறம் மொத்தக் கூட்டமும் சந்தைக்கடை மாதிரி இரைந்தது. முன்னால் போன கேரளா பஸ் நெருங்கி வந்து, பக்கத்தில் வந்து, பின்னால் போனது. முள் அறுபதில் நின்றது. மஞ்சள் விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது.

"வாயத் தொறந்து பேசு! இந்தக் கருமத்தால ஒரு பிரயோசனம் உண்டா?" என்று தொட்டையன் கேட்டான்.

"நீங்க சொல்லுங்க, நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றாள் கனகா. அவன் சொல்லிக்கொண்டே அடுத்த பஸ்ஸையும் தாண்டினான்.