இருபதுக்கு ஆறு

பேச்சுத் திறன் வகுப்பின் முதல் நாளே டீச்சர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிடுவார். 'மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுபவை' என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கும். மூன்று நிமிடம் பேச வேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கூரையைப் பார்க்கக் கூடாது. அடுத்தவர் பேசும்போது குறுக்கே பாயக் கூடாது. இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் உள்ளதுதான். ஐந்தாவது விதிதான் வில்லங்கம். பேச்சுக்கு நடுவே 'வந்து' என்று இழுத்தால் கேட்பவர்கள் பென்சிலால் மேசையில் தட்ட வேண்டும். ஒரு 'வந்து'க்கு ஒரு மதிப்பெண் போகும். மொத்தமே இருபதுதான். முப்பது பென்சில் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழுந்தால் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ரேடியோவுக்கும் ஒட்டியது. ரேடியோ என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது முழுப்பெயர். 'வந்து' இல்லாமல் அவளுக்கு ஒரு வாக்கியமும் நகராது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அழுதாள். அப்பா லிப்ட் மெக்கானிக். தாளைப் படித்து, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நீல மையில் ஒரு கிறுக்கு கிறுக்கினார். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பி."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் பேசுவாள், அவர் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுவார். "மேசையை ஓட்டை போட்டுட்டுதான் ஓய்வீங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். மூன்று வாரத்தில் இருபத்தாறு தட்டு ஒன்பதாகக் குறைந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் லிப்ட் அறையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. ரேடியோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டாள், பல் தேய்த்தாள், பஸ் ஏறினாள். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலைக்குப் போய்வந்தாள். "சாப்பிட்டியா?" என்பாள் அம்மா. "ம்" என்பாள் இவள். அவ்வளவுதான் வீட்டில் பேச்சு. அம்மா திட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். மகள் செருப்பை நடுவழியில் கழற்றிப் போட்டாலும், குழாயை மூட மறந்தாலும், அம்மாவே போய்ச் சத்தமில்லாமல் சரி செய்தாள்.

பள்ளியில் அதற்கு மேல். நேரம் கழித்து வந்தால், "பரவாயில்லம்மா." கணக்கு நோட்டு காலியாக இருந்தால், "மெதுவா முடிச்சுக் குடும்மா." சிரித்துக்கொண்டிருந்த தோழிகள் அவள் பக்கத்தில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றுப் பேச்சு வந்தது. டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ பேச வேண்டாம்மா. இருபது போட்டுடறேன்."

செத்துப்போனவரைத்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லோரும் நல்லவர் ஆக்குவார்கள். தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களோ என்று ரேடியோவுக்குத் தோன்றியது. இந்த இருபதை வாங்கிக்கொண்டால் இப்படியே மரத்துப்போய்க் கிடப்போம் என்று பட்டது. அந்தப் பயம் ஒன்றுதான் ஆறு வாரத்தில் அவளுக்கு உறைத்தது.

"நான் பேசறேன் டீச்சர்."

நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும். அவள் எழுந்து முன்னால் போய் நின்றாள்.

"லிப்ட் ஒரே கயித்துல தொங்குதுன்னு நெனச்சுட்டு இருக்கோம். வந்து, நாலஞ்சு கயிறு இருக்கும். ஒண்ணு அறுந்தா, வந்து, மத்தது தாங்கும்."

ஒரு பென்சிலும் அசையவில்லை. அவள் தொடர்ந்து பேசினாள். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறு. ஏழு. வகுப்பு மேசைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் தலையைச் சாய்த்து, நோயாளியைப் பார்ப்பதுபோலப் புன்னகைத்தார். ஒன்பது. அவள் நிறுத்தினாள்.

"ஒன்பது தடவ சொல்லிட்டேன். யாருமே தட்டல."

"நீ பேசும்மா, நல்லாதான் போகுது" என்றார் டீச்சர்.

"எல்லாக் கயிறும் போனாலும் லிப்ட் விழாது. ஒரு பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். ரெண்டு மாடிக்கு நடுவுல அப்படியே நிக்கும். வந்து..."

டக்.

முதல் வரிசையில், 'சட்டம்' என்று வகுப்பு பெயர் வைத்திருந்தவள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடம் வாங்க மறந்துவிட்டீர்கள் என்று டீச்சருக்கே நினைவூட்டுகிற புண்ணியவதி. வகுப்பே திரும்பி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

ரேடியோ சட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "எங்கப்பா ரிப்பேருக்குப் போனதும் மொதல்ல பூட்டைத் திறக்க மாட்டாரு. வந்து..."

டக்.

"கதவைத் தட்டுவாரு. உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளிய ஆள் வந்தாச்சுன்னு தெரியணும்ல."

மூன்று நிமிடம் முடிவதற்குள் சட்டம் இன்னும் மூன்று முறை தட்டினாள். டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அஞ்சு போக, பதினஞ்சு."

"பதினாலு போகணும் டீச்சர்" என்று சட்டம் எழுந்தாள். "முதல் ஒன்பதுக்குத் தட்ட மனசு வரல. ஆனா கோடு போட்டு வெச்சிருக்கேன்."

"அதை விட்டுடலாமே."

"அப்படித் தாள்ல இல்லையே."

"மனுஷிதானாடி நீ?" என்றது பின்வரிசை.

"அவ சொல்றது சரி டீச்சர்" என்றாள் ரேடியோ. "எனக்கு ஆறுதான்."

டீச்சர் அவளுடைய தாளை வாங்கிச் சிவப்பு மையில் ஆறு என்று எழுதினார். பத்துக்குக் கீழே போனால் பெற்றோர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் தாளில் இருந்த விதிதான்.

சாயங்காலம் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ தாளை நீட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் பார்வை சிவப்பு மையில் நின்றது, பிறகு நீல மைக்குப் போனது, அங்கேயே வெகுநேரம் இருந்தது. பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"ஆறா?" என்றாள் அம்மா. "இருபதுக்கு ஆறாடி? வேலை முடிஞ்சு வந்த மனுஷன், கையைக்கூடக் கழுவாம உக்காந்து தட்டினாரே. இங்க பாரு, மேசை குழி விழுந்து கெடக்கு. சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கடி போச்சு?"

ஆறு வாரத்தில் அம்மா அவரைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்முறை.

"இல்லம்மா, வந்து..." என்று ஆரம்பித்தாள் ரேடியோ. அதற்கு மேல் பேச்சு எழவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

அம்மா நிறுத்தவில்லை. நடுவழியில் கிடந்த செருப்பு, மூடாத குழாய், காலியான கணக்கு நோட்டு என்று ஆறு வாரமாகத் திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். அவள் கன்னமும் நனைந்துகொண்டிருந்தது. திட்டிக்கொண்டே, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.